இசபெலின் முற்றம்

கொப்பியில் அன்றைய பக்கத்தின் முதல் வரி இது: வியாழக்கிழமை, ஆடி அமாவாசை, பிற்பகல் 1.48, குரைப்புத் தொடக்கம். எழுதியது நான்தான். எழுதும்போது எனக்குக் கோபத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

சத்தம் பற்றிய முறைப்பாட்டை நகரக் கவுன்சில் வெறும் வாய்ப்பேச்சில் எடுக்காது. நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அப்போது நீங்கள் எந்த அறையில் இருந்தீர்கள் என்று கட்டம் போட்ட தாள் அனுப்பும். அந்தத் தாளில் இடம் போதாமல் நான் தனியாக ஒரு கொப்பி வாங்கி, மார்ச் மாதத்திலிருந்து ஒரு நாளும் விடாமல் எழுதிவந்தேன். அனுப்புவதற்குக் கடைசி நாள் மறுநாள், வெள்ளிக்கிழமை.

குரைப்பவள் இசபெல். லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டோடு சுவர் ஒட்டிய வீட்டுக்கு வாமதேவன் அண்ணையும் மகள் கௌசியும் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்த முதல் கிழமை, வேலிக்கு அப்பால், "இசபெல், சாப்பிட்டியோ? இசபெல், வெயிலுக்குள்ள படுக்காதை பிள்ளை" என்று கேட்டது. மனைவியை இழந்த மனிசன் ஒரு வெள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று என் கணவர் இராஜேந்திரனிடம் சொன்னேன். அவர் மேல்மாடி யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"வெள்ளைதான். ஆனா நாலு கால்."

பிரெனீஸ் மலையடிவாரத்தில் ஒரு பாற்கட்டிப் பண்ணையில் வாமதேவன் அண்ணை பத்தொன்பது வருடம் வேலை செய்தவர். இசபெல் அங்கே ஆட்டுக்கொட்டிலில், குட்டியாடுகளுக்கு நடுவே பிறந்தவள். பண்ணைக்காரர் ஆடுகளை விற்றபோது மிஞ்சிய நாய்க்குட்டியை இவர் எடுத்துக்கொண்டார். இப்போது அவளுக்கு ஏழு வயது, நாற்பத்தைந்து கிலோ.

"ஆடு சாய்க்கிற நாய் வேறை, தங்கச்சி" என்று ஒருநாள் வேலிக்கு மேலால் விளங்கப்படுத்தினார். "அது விசில் அடிச்சால் ஓடும், விசில் அடிச்சால் நிக்கும். இது காவல் நாய். மந்தையோட மலையில விட்டிட்டு மனிசர் கீழ வந்திடுவினம். ஓநாய் வந்தால் என்ன செய்யிறது, கழுகு வந்தால் என்ன செய்யிறது எண்டு இதுவேதான் முடிவெடுக்கோணும். அதாலை கூப்பிட்டவுடன வராது. யோசிச்சுப்போட்டுத்தான் வரும்."

"உங்களைப் போல எண்டு சொல்லுங்கோ" என்றேன். சிரித்தார். அப்போது நாங்கள் நல்லாக இருந்தோம். கௌசி தங்கள் வீட்டுக் கதவின் திறப்பு ஒன்றைக்கூட எங்களிடம் தந்து வைத்திருந்தாள்.

ஞாயிறுதோறும் அவர் இசபெலைச் சீப்பால் வாருவார். ஒருமுறை வாரினால் ஒரு கடைப்பை நிறைய வெள்ளை உரோமம் சேரும். அவளுடைய பின்னங்கால்களில் நிலத்தில் படாத இரட்டை நகங்கள் உண்டு. வெட்டாமல் விட்டால் அவை வளைந்து சதைக்குள் ஏறிவிடுமாம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிள்ளைக்கு வெட்டுவதுபோல வெட்டுவார். ஒரு கோடையில், இவ்வளவு உரோமத்தோடு பாவம், மொட்டை அடித்துவிடுங்கள் என்றேன். துடித்துப்போனார். "ஐயோ தங்கச்சி, அந்த உள்மயிர்தான் வெக்கையை உள்ளுக்கு விடாது. வெக்கை எண்டால் காலையும் வயித்தையும் நனைச்சு விடோணும். முதுகில ஊத்தப்படாது." நாயைப் பற்றி இவ்வளவு கதையா என்று நினைத்தேன்.

பிறகு மார்ச் மாதம் சண்டை வந்தது. கொடியில் காயப்போட்ட என் பட்டுச்சேலை முழுதும் வெள்ளை உரோமம். சேலையைத் தூக்கிக்கொண்டு நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்து, பின்கதவடியில் மறுபடி போட்டேன். பின்முற்றம் வெளிதானே. அப்படித்தானே எல்லாரும் செய்கிறோம்? ஆனால் அவர் அந்த முற்றம் முழுதும் பிளாஸ்ரிக் புல் விரித்து, தினமும் காலையில் கழுவி, ஒரு அறையைப்போல வைத்திருந்தார்.

"தங்கச்சி, செருப்பை முன்வாசலிலை விட்டிட்டு வாங்கோ. இது இசபெலின்ர முற்றம்."

"நாய்க்குப் பிடிக்கேல்லை எண்டு நான் செருப்புக் கழட்டோணுமோ?"

"அப்பிடி இல்லை. அவள் ஆட்களைக் காலிலை பாத்துத்தான்..."

மிச்சத்தைக் கேட்க நான் நிற்கவில்லை. அன்று பின்னேரமே கொப்பி வாங்கினேன். திறப்பை அவர்களும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

இனி அந்த வியாழக்கிழமை. இராஜேந்திரன் இறந்துபோன தகப்பனுக்காக விரதம். ஈஸ்ட் ஹாமுக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். நான் பின்பக்கத்து மேலறையில் துணிகளைச் சுருக்கம் போக அழுத்திக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். 1.48க்கு இசபெல் தொடங்கினாள். குரைப்புக்கு நடுவே வாமதேவன் அண்ணையின் குரலும் கேட்டது.

"கா... கா... இசபெல், பேசாமல் இரு! கா... கா..."

யன்னலால் பார்த்தேன். வேட்டியோடு, வெறுங்காலோடு, கையில் வாழையிலைத் துண்டில் சோறு கறி. தகப்பனுக்குப் படைத்ததில் காகத்துக்கு உரிய பங்கு. கூரையில் இரண்டு காகங்கள். ஒன்று தாழப் பறந்து வரும்போதெல்லாம் இசபெல் பாய்ந்து போய் வேலியடியில் நின்று குரைத்துக் கலைத்தாள். மேலேயிருந்து இறங்குவது எதுவானாலும் அவளுக்குக் குட்டியாடு தூக்க வரும் கழுகுதான். அவர் அவளைக் கழுத்துப்பட்டியில் பிடித்து வீட்டுக்குள் இழுத்தார். அவள் மலைபோல நின்றாள். அவர் மறுபடி காகத்தைக் கூப்பிட்டார். அவள் மறுபடி கலைத்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேண்டும், நன்றாகப் படட்டும் என்று நினைத்தேன்.

அவருக்கு நீரிழிவு என்பது எனக்குத் தெரியும். காலையில் இன்சுலின் போடுகிறவர் என்பதும் தெரியும். காகம் எடுக்காமல் அந்த மனிசன் ஒரு சோறும் வாயில் வைக்கமாட்டார் என்பதும் தெரியும். மூன்றும் தெரிந்தும் நான் அழுத்துபெட்டியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். கொப்பியில் அடுத்த வரி: 2.31, நின்றது.

2.39க்கு ஒரு குரைப்பு. சிறிது நேரம் விட்டு இன்னொன்று. மறுபடி ஒன்று. பேனையை எடுத்து நேரத்தை எழுதியபிறகுதான் கை நின்றது. இது காகத்தைக் கலைக்கிற குரைப்பல்ல. யாரையோ கூப்பிடுகிற குரைப்பு.

யன்னலால் எட்டிப் பார்த்தேன். வாமதேவன் அண்ணை வேலியோரத்தில் ஒருக்களித்து விழுந்து கிடந்தார். வாழையிலை கவிழ்ந்து, சோறும் கறியும் புல்லில் கொட்டியிருந்தன. இசபெல் அவருக்கு மேலாகக் கால் பரப்பி நின்றாள். சோற்றை அவள் முகரவும் இல்லை. வெயில் வரும் பக்கம் உடலைத் திருப்பி நின்றாள். அவளுடைய நிழல் அவர் முகத்தில் விழுந்தது.

அம்புலன்ஸுக்குத் தொலைபேசி அடித்தேன். அடுத்ததாகக் கௌசிக்கு. அவள் கோலியர்ஸ் வுட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அங்கிருந்து வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும்.

"அன்ரி, காலமை இன்சுலின் போட்டவர். நான் கண்ணாலை பாத்தனான். சாப்பிட்டவரோ?"

"காகம் எடுக்கேல்லைப் பிள்ளை."

"அன்ரி, எங்கட திறப்பு உங்களிட்டை இருக்கோ?"

"இருக்கு. போறன்."

வீட்டுச் செருப்போடேயே ஓடினேன். அவர்களுடைய சமையலறையில் அடுப்பில் ஐந்து சட்டிகள், மூடி திறக்காமல். பின்கதவு திறந்து கிடந்தது. ஒரு காலை வெளியே வைத்தேன். இசபெல் தலையைத் திருப்பினாள். தெருநாய்போல உறுமவில்லை. லொறி ஒன்று நின்ற இடத்தில் இரைவதுபோல நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்று அடி முன்னால் வந்து நின்றாள். நான் காலை உள்ளே இழுத்தேன். அவள் திரும்பிப் போய் அவருக்கு மேல் நின்றாள்.

"வாமதேவண்ணை! வாமதேவண்ணை!"

அவருடைய விரல்கள் மட்டும் அசைந்தன. மேசையில் இருந்த பிஸ்கற்றை உடைத்து அவளுக்கு எறிந்தேன். அது அவள் மூக்குக்கு முன்னால் விழுந்தது. அவள் அதைப் பார்க்கவேயில்லை.

2.57க்கு அம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். ஒரு பெண், சட்டையில் பியற்றிஸ் என்று பெயர். கூடவே உயரமான ஒரு ஆண். பச்சை உடுப்பு, கனத்த கறுப்புச் சப்பாத்து. அந்த ஆண் கதவைத் தாண்டி இரண்டு அடி வைத்ததும் இசபெல் வந்த வேகத்தில் கதவுக் கண்ணாடி அதிர்ந்தது. அவருடைய நெஞ்சுக்கு ஒரு முழத்துக்கு முன்னால் நின்று குரைத்தாள். கடிக்கவில்லை. இன்னொரு அடி வைத்தால் கடிப்பாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அவர் பின்வாங்கிக் கதவைச் சாத்தினார்.

நாய் பிடிக்கிற பொலிஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆகுமாம். வந்து என்ன செய்வார்கள் என்று கேட்டேன். நீளத் தடியில் கட்டிய கம்பித் தடத்தைச் சுருக்காகக் கழுத்தில் போட்டு இழுப்பார்கள் என்றார் அந்த உயரமானவர். அதற்கும் அடங்காவிட்டால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பியற்றிஸ் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாமதேவன் அண்ணையின் கால் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கியது.

"வலிப்பு" என்றாள் பியற்றிஸ். "இருபத்தைந்து நிமிடம் இவரிடம் இல்லை."

கௌசி மறுபடி தொலைபேசி எடுத்தாள். ரயில் நிலையத்தில் நின்றாள். தொலைபேசியைக் கதவிடுக்கில் பிடித்தேன். "இசபெல்! இஞ்சை வா பிள்ளை! இசபெல்!" என்று அவள் கத்தியது முற்றம் முழுதும் கேட்டது. இசபெலின் காதுகள் எழும்பின. கால்கள் அசையவில்லை.

"அவள் அப்பாவை விட்டிட்டு வரமாட்டாள் அன்ரி. நீங்கள்தான் அவளிட்டைப் போகோணும். கவனமாய்க் கேளுங்கோ, முதல்ல உங்கட..."

அதோடு அறுந்தது. அவள் ஏறிய ரயில் நிலத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும். திருப்பி அடித்தேன். இல்லை. மறுபடி அடித்தேன். இல்லை.

முதலில் என்னுடைய எது? கையையா காட்ட வேண்டும்? குரலையா? மறுபடி அடிக்கக் கையை உயர்த்தியபோதுதான் கவனித்தேன், கக்கத்தில் கொப்பியை வைத்திருந்தேன். வீட்டிலிருந்து அதையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். செய்வதற்கு வேறொன்றும் தெரியாமல் அதைத் திறந்தேன்.

ஏப்ரல் 6, மீற்றர் பார்க்க வந்தவர், முப்பத்தைந்து நிமிடம். ஏப்ரல் 19, குழாய் திருத்த வந்தவர், ஐம்பது நிமிடம். மே 2, வேலி பார்க்க வந்த இருவர், போகும்வரை. மே 11, கௌசியின் பிறந்தநாள். அந்த வரிக்குக் கீழே சிவப்பில் கோடு இழுத்திருந்தேன். இருபது பேர், பிள்ளைகள் ஓட்டம், பின்முற்றத்தில் சாப்பாடு, நாலு மணித்தியாலம், குரைப்பு இல்லை. என் முறைப்பாட்டுக்கு உதவாத நாள் என்று அன்று எரிச்சலோடு எழுதியது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு முறைப்பாடும் இருந்தது: முன்பாதையில் எங்கள் படலை வரை செருப்புக் குவியல்.

இருபது புது ஆட்கள். ஒரு குரைப்பும் இல்லை.

குனிந்து என் காலைப் பார்த்தேன். வாமதேவன் அண்ணை அன்று சொல்லி முடிக்காமல் விட்டதை, நான் முடிக்க விடாததை, இப்போது கேட்டேன். அந்த வீட்டுக்கு வருகிற மனிதர் எல்லாரும் முன்வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, அவர் தோளில் கைவைத்துக் கூட்டி வர, வெறுங்காலோடு இசபெலிடம் வருவார்கள். காலணியோடு நுழைகிறவர்கள் மீற்றர்காரரும் குழாய்காரரும்தான். அவள் கண்ட உலகத்தில் சொந்தம் என்பது வெறுங்கால்.

செருப்பைக் கழற்றினேன். உயரமானவர் என் கையைப் பிடித்து, வேண்டாம் என்றார். "விடுங்கள்" என்று சொல்லிக் கதவைத் திறந்தேன்.

பிளாஸ்ரிக் புல் வெயிலில் கொதித்தது. உள்ளங்கால் எரிந்தது. இசபெல் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். அந்த லொறிச் சத்தம் தொடங்கியது. நின்றேன். சத்தம் தேய்ந்தது. ஓரடி வைத்தேன். அவள் அவரை விட்டு என்னிடம் வந்தாள். தலை என் இடுப்புக்கு வந்தது. எனக்குச் சிறுவயதிலிருந்தே நாய்ப் பயம். கண்ணை மூடிக்கொண்டேன். சூடான மூச்சு ஒரு காலில் பட்டது, பிறகு மற்றக் காலில். விரல்களில் வீணீர் சொட்டியது. கண்ணைத் திறந்தபோது அவள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். அவருடைய தலைமாட்டில் போய் இருந்தாள். பக்கத்தில் எனக்கு இடம் விட்டு.

"சப்பாத்தைக் கழற்றுங்கள்!" என்று கத்தினேன். "சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள்!"

அது விதிக்கு மாறானது என்றார் அந்த உயரமானவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் பியற்றிஸ் சமையலறைத் தரையில் குந்திச் சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கிவிட்டாள். ஒரு காலுறை நீலம், மற்றது சாம்பல். பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். இசபெல் எழும்பினாள். நான் மெதுவாகப் போய், வாமதேவன் அண்ணை செய்வதுபோல, பியற்றிஸின் தோளில் கையை வைத்தேன்.

"எங்கட ஆள்தான் இசபெல். எங்கட ஆள்."

பத்து அடி தூரம். நடந்து முடிக்க ஒரு வயது போனது. இசபெல் பியற்றிஸின் பெருவிரலை முகர்ந்தாள். அதோடு வழி விட்டாள்.

விரலில் குத்திப் பார்த்த இயந்திரம் இரத்தச் சர்க்கரை 1.4 என்று காட்டியது, நாலுக்குக் கீழே போகக்கூடாதது. பியற்றிஸின் கை வேகமானது. நரம்பில் ஊசி ஏற்றி, குளுக்கோஸ் பையை என்னிடம் தந்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னாள். வலிப்பு அடங்கியது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. பையில் துளிகள் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இசபெல் அவருடைய தலையோடு தன் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். கண் மட்டும் பியற்றிஸின் கையிலேயே இருந்தது.

3.24க்கு அவர் கண் திறந்தார். என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"காகம் எடுத்ததோ?"

"உங்கட நாய் விட்டால்தானே அண்ணை எடுக்கிறதுக்கு!" என்றேன்.

அவர் பார்வை பியற்றிஸின் காலுறைகளுக்குப் போனது. "ஆர் இந்தப் பிள்ளை? சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்திருக்கு. நல்ல வளர்ப்பு."

பொலிஸார் கம்பித் தடத்தோடு வந்தபோது 3.31. உயரமானவர் முன்வாசலிலேயே அவர்களை மறித்து, சப்பாத்தோடு உள்ளே போக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாமதேவன் அண்ணையைச் சக்கரக் கதிரையில் வைத்துக் கொண்டுபோனபோது இசபெல் முன்கதவுவரை வந்தாள். கதவு சாத்தியதும் இருந்த இடத்தில் இருந்து, தலையை உயர்த்தி, நான் ஒரு நாளும் கொப்பியில் எழுதாத ஒரு சத்தத்தில் அழுதாள். அவளைத் தனியே விட்டுப் போக முடியவில்லை. ஒரு மணி நேரமாக வெயிலில் நின்றவள், நாக்கு நிலத்தைத் தொட இளைத்தாள். வாளியில் தண்ணீர் எடுத்து, ஒரு துணியால் கால்களையும் வயிற்றையும் நனைத்தேன். முதுகில் ஊற்றவில்லை. பின்னங்கால் இரட்டை நகத்தில் துணி சிக்கியது. மெல்ல எடுத்துவிட்டேன். கை முழுதும் வெள்ளை உரோமம் ஒட்டியது.

பிறகு இன்னொரு வேலை இருந்தது. சட்டிகளிலிருந்து சோறும் கறியும் ஒவ்வொரு கரண்டி எடுத்து ஒரு தட்டில் போட்டு, கதிரையில் ஏறி, வேலிக்கு அப்பால் எங்கள் பக்கத்துக் கொட்டில் கூரையில் வைத்தேன். இசபெலுக்கு அந்தப் பக்கம் தெரியாது. இரண்டு நிமிடம் ஆகவில்லை, தகரத்தில் நகம் உரசும் சத்தம், அலகு தட்டில் கொத்தும் சத்தம். அவ்வளவுதான். மார்ச் மாதத்துக்கு முந்தி என்றால் அவரே வேலிக்கு மேலால் கூப்பிட்டு, தங்கச்சி, இதை உங்கட பக்கம் வையுங்கோ என்று தந்திருப்பார். கதிரையில் நின்றபடியே கொஞ்ச நேரம் இறங்காமல் நின்றேன்.

5.40க்குக் கௌசி ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தாள். அவருக்கு ஒன்றுமில்லை, நேர்ஸிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார், பாண் சாப்பிடச் சொன்னால் காகம் எடுத்ததா என்று கேட்கிறார் என்றாள்.

"எடுத்திட்டுது எண்டு சொல்லு. ரெண்டு காகம். வாழைக்காய்க் கறியைத்தான் முதல் எடுத்தது."

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். "அன்ரி, கவுன்சில் எங்களுக்கும் கடிதம் போட்டது. நாளைக்கு அந்தக் கொப்பியை அனுப்பப்போறியளோ?"

"குரைச்சது குரைச்சதுதானே பிள்ளை. எழுதினதை நான் அழிக்கமாட்டன்." கொப்பியில் அன்றைய பக்கத்தைப் புரட்டினேன். "ஆனா இண்டைக்கு ரெண்டாவது குரைப்புக்கு முடிஞ்ச நேரம் இல்லை. அது இல்லாட்டிக் கவுன்சில் எடுக்காது. நான் அனுப்பேல்லை. இரவிலை மட்டும் அவளை உள்ளுக்கை படுக்க விடுங்கோ. எனக்கு நித்திரை வேணும்."

"சரி அன்ரி. சரி. நீங்கள் இப்ப வீட்டை போங்கோ, களைச்சுப்போயிருப்பியள்."

"எப்பிடிப் போறது? உன்ர இசபெல் வாசலுக்குக் குறுக்காலை படுத்திருக்கிறாள். எழும்பினால் எழும்புறாள், கதவடிக்குப் போனால் முன்னுக்கு வந்து நிக்கிறாள்."

"ஐயோ அன்ரி" என்றாள் கௌசி. "உங்களையும் மந்தையிலை சேத்திட்டாள். நான் வந்து சொன்னால்தான் விடுவாள். ஒரு மணித்தியாலம் ஆகும்."

தட்டில் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு சமையலறைத் தரையில் இருந்தேன். முன்வாசலில், அவர்களுடைய செருப்புகளுக்குப் பக்கத்தில், என்னுடையதைக் கொண்டுபோய் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் இருந்தேன். இசபெல் ஒரு கண்ணைத் திறந்து என் காலைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.